வேகமும் மன்னிப்பும்

ஒருவன் தன் உயிரைத் தானே பணயம் வைக்கிறான் என்றால், அதைக் கேட்கப் பிறருக்கு என்ன உரிமை இருக்கிறது? அறநூலார் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் இவ்வினா, இன்று நம் வீட்டு வாசலில் இரண்டு சக்கரங்களின் மீது வந்து நிற்கிறது. பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றைத் தேடிப் பிடித்து, பட்டறையில் மாதக்கணக்கில் செப்பனிட்டு, விடியற்காலையில் நெடுஞ்சாலைக்குக் கொண்டுசென்று, அது எட்டக்கூடிய கடைசி வேகம்வரை ஓட்டிப் பார்க்கும் ஆர்வம் நம் இளைஞரிடையே பெருகி வருகிறது. இளமையை மறக்க மனமில்லாத நடுவயதினரையும் அது விட்டுவைக்கவில்லை. “விழுந்தால் நான்தானே விழப்போகிறேன்?” என்பது அவர்கள் தரும் விடை. அவ்விடை சரிதானா என்று சற்றே நிதானமாகச் சிந்திப்போம்.

இந்த ஆர்வத்தை இகழ்ந்து ஒதுக்குவது எளிது. ஆனால் அது நேர்மையாகாது. அந்த வண்டிகளுக்கென்று ஒரு வரலாறும் அழகும் உண்டு. 1983-இல் எஸ்கார்ட்ஸ் நிறுவனம், ஜப்பானின் யமஹா ஆர்.டி. 350 வண்டியை ‘ராஜ்தூத் 350’ என்னும் பெயரில் இந்தியாவில் தயாரிக்கத் தொடங்கியது. 347 கன சென்டிமீட்டர் கொள்ளளவு, இரட்டைச் சிலிண்டர், ஆறு கியர், ஏறத்தாழ 30 குதிரைத்திறன். மணிக்கு 150 கிலோமீட்டரை நெருங்கக்கூடிய அவ்வண்டி அந்நாளைய நம் சாலைகளுக்கு முற்றிலும் புதியது. பெட்ரோலை மிகுதியாகக் குடித்த அது சந்தையில் வெற்றிபெறவில்லை. பத்தாண்டு நிறைவதற்குள் உற்பத்தி நின்றுபோனது. 1985-இல் வெளிவந்த யமஹா ஆர்.எக்ஸ். 100 வெறும் 98 கன சென்டிமீட்டர் வண்டிதான். ஆயினும் எடை குறைவாகவும் பாய்ச்சல் மிகுதியாகவும் இருந்ததால் ஒரு தலைமுறையின் கனவாயிற்று. 1996-இல் அதன் உற்பத்தி முடிந்தது. 2003-இல் வந்த ஹீரோ ஹோண்டா கரிஸ்மா, நெடும்பயணத்தின் வசதியையும் பந்தய வண்டியின் வேகத்தையும் ஒன்றாக்கித் தர முயன்றது. இம்மூன்றும் இன்று பழையனவாகிவிட்டன. பழையனவான பின்னரே பெரிதும் விரும்பப்படுகின்றன.

வேகமாக ஓட்டுபவர் பெறும் இன்பமும் வெறும் ஆணவம் என்று சொல்லிவிட முடியாது. கடன், வேலையின்மை, வீட்டுச் சச்சரவு என ஆயிரம் கவலைகள் மொய்க்கும் மனம், அந்தச் சில நிமிடங்களில் ஒரே புள்ளியில் குவிகிறது. கையும் காலும் கண்ணும் இயந்திரமும் ஒன்றாகின்றன. நெடுநாள் முயன்று சீர்செய்த இயந்திரம் தன் முழு ஆற்றலையும் வெளிப்படுத்துவதைக் கேட்பதில் ஓர் உழைப்பாளியின் நிறைவு இருக்கிறது. திறமையில் மகிழ்வது நன்று. மனிதன் படைத்த கருவி செவ்வனே இயங்கக் கண்டு மகிழ்வதும் நன்று. ஆகவே ‘வேகம் தீயது’ என்று தொடங்கினால் நாம் எங்கும் போய்ச்சேர மாட்டோம். அந்த இன்பத்திற்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதே நாம் கேட்கவேண்டியது.

முதலில், ‘என் உயிர்’ என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். நெடுஞ்சாலையில் ஒருவர் விழுந்தால், அவர் மட்டும் விழுவதில்லை. 108 ஆம்புலன்சின் ஓட்டுநரும் செவிலியரும் விரைகின்றனர். அரசு மருத்துவமனையில் பிறருக்காகக் காத்திருந்த மருத்துவர் அவர்பால் ஓடுகிறார். முகமறியாத ஒருவர் அவருக்காகக் குருதி தருகிறார். 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டத்தின்படி, சாலை விபத்தில் காயமுற்றோருக்கு முதல் நாற்பத்தெட்டு மணிநேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கிறது. அதாவது நாம் அனைவரும் ஏற்கிறோம். அவருடைய தாய் எஞ்சிய வாழ்நாள் முழுவதும் ஏற்கும் சுமையையோ எந்த அரசும் பங்கிட்டுக்கொள்ள இயலாது. ‘என் உயிர்’ என்று நாம் சொல்வது உண்மையில் பலருடைய கைகளில் பின்னிக் கிடக்கும் ஒரு நூல். அதை இழுத்தால் அறுபடுவது நம் பக்கம் மட்டும் அன்று.

திருச்சபை இதைத் தெளிவாகவே கூறியிருக்கிறது. 1992-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் வெளியிட்ட கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, கொலை செய்யாதே என்னும் ஐந்தாம் கட்டளையை விளக்கும் பகுதியில் சாலை வேகத்தைப் பற்றியும் பேசுகிறது. குடிபோதையாலோ வேகத்தின் மீதுள்ள மோகத்தாலோ தம் உயிருக்கும் பிறர் உயிருக்கும் கேடு விளைவிப்போர் கனமான குற்றத்திற்கு உள்ளாகின்றனர் என்பது அதன் போதனை. போதையும் வேகமும் அங்கே ஒரே மூச்சில் சொல்லப்பட்டிருப்பதைக் கவனிக்கவேண்டும். குடித்துவிட்டு ஓட்டுபவரை நாம் எல்லாரும் கண்டிக்கிறோம்; வேகத்தில் மயங்கி ஓட்டுபவரையோ ‘கெட்டிக்காரப் பையன்’ என்று பாராட்டுகிறோம். இரண்டும் ஒரே தட்டில் நிற்பவை என்று மறைக்கல்வி எண்ணுகிறது.

ஆயினும் சுமையையும் கட்டளையையும் மட்டும் சொல்லி நிறுத்திவிட்டால், வேகத்தின் அறக்கேடு எங்கே இருக்கிறது என்பது விளங்காது. அதை விளங்கிக்கொள்ள நம் ஊர்ச் சாலை ஒன்றை மனக்கண் முன் கொண்டுவருவோம்.

பச்சைமலையின் அடிவாரத்தில் அமைந்த அரும்பாவூர், மரச்சிற்பத்திற்குப் பெயர்பெற்ற ஊர். வாகையிலும் மாவிலும் வேம்பிலும் உருவங்களைச் செதுக்கும் அவ்வூர்க் கலைக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கிருந்து கிருஷ்ணாபுரம், எசனை வழியாகப் பெரம்பலூர் வந்து, சென்னை - திருச்சி நான்குவழி நெடுஞ்சாலையில் ஏறுவதாக வைத்துக்கொள்வோம். வழியெங்கும் யாரைப் பார்க்கிறோம்? சின்ன வெங்காய மூட்டையை டி.வி.எஸ். 50 வண்டியில் கட்டிக்கொண்டு காட்டிலிருந்து திரும்பும் முதியவர். ஆடுகளைச் சாலையின் குறுக்கே ஓட்டும் பெண்மணி. மக்காச்சோளம் ஏற்றிய, பின்விளக்கில்லாத டிராக்டர். பள்ளிப் பையுடன் மிதிவண்டியில் இருவர் இருவராகச் செல்லும் சிறுவர்கள். நான்குவழிச் சாலையின் நடுத்திட்டில் உள்ள சிறு இடைவெளியில் குறுக்கே கடக்கக் காத்திருப்போர். சமயபுரத்திற்கு மஞ்சளுடையில் நடப்பவர்களும், ஆகஸ்ட் இறுதியில் வேளாங்கண்ணி நோக்கிக் காவியுடையில் செபமாலை சொல்லிக்கொண்டு நடப்பவர்களும் நம் மாவட்டச் சாலைகளின் ஓரத்தில்தான் நடக்கிறார்கள்.

இவர்கள் அனைவரும் தவறு செய்பவர்கள். முதியவர் பின்னால் பார்க்காமல் திரும்புகிறார். சிறுவன் நண்பனோடு பேசிக்கொண்டே சாலையின் நடுவுக்கு வருகிறான். பெண்மணி தொலைவில் வரும் வண்டியின் வேகத்தைக் குறைத்து மதிப்பிடுகிறார். இத்தவறுகள் இல்லாத சாலை உலகில் எங்கும் இல்லை. ஆயினும் நாள்தோறும் பல்லாயிரவர் உயிரோடு வீடு திரும்புகிறார்களே, எப்படி? ஒருவருடைய தவற்றை மற்றவர் பொறுத்துக்கொள்வதால்தான். எதிரே வருபவர் பிரேக் பிடிக்கிறார், ஒதுங்குகிறார், முணுமுணுத்துக்கொண்டாவது வழிவிடுகிறார். நாம் அதை மன்னிப்பு என்று அழைப்பதில்லை. ஆனால் அது மன்னிப்பே. சாலை என்பது தாரும் ஜல்லியும் மட்டும் கொண்டு அமைந்ததன்று. ஒருவரையொருவர் அறியாத மக்கள் ஒருநாளைக்கு நூறுமுறை ஒருவரையொருவர் மன்னிப்பதால் அது நடைபெறுகிறது.

இப்போது வேகத்தை அதனுள் கொண்டுவருவோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் ஒரு வினாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறார். ஆபத்தைக் கண்டு, உணர்ந்து, பிரேக்கை அழுத்த ஒன்றரை வினாடி ஆகும் என்று கொண்டால், அதற்குள் 25 மீட்டர் போய்விடுகிறது. உலர்ந்த நல்ல சாலையில் நல்ல பிரேக் உள்ள வண்டி நிற்க மேலும் 23 மீட்டர். ஆக, 48 மீட்டரில் அவர் நின்றுவிடுகிறார். 120 கிலோமீட்டர் வேகத்தில் வருபவரோ, அதே ஒன்றரை வினாடியில் 50 மீட்டர் சென்றுவிடுகிறார். அதாவது, முதலாமவர் முற்றிலுமாக நின்றுவிட்ட இடத்தை இரண்டாமவர் பிரேக்கைத் தொடுவதற்கு முன்பே கடந்துவிடுகிறார். அவர் நிற்க ஏறத்தாழ 140 மீட்டர் வேண்டும். வேகம் இரட்டித்தால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகிறது; இது எவருடைய திறமைக்கும் வளைந்துகொடுக்காத இயற்கை விதி.

பழைய வண்டிகளின் நிலைமை இதனினும் கடுமையானது. ஜப்பானிய ஆர்.டி. 350 வண்டியின் முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் இருந்தது. இந்தியாவில் தயாரான ராஜ்தூத் 350-இல் டிரம் பிரேக்தான் பொருத்தப்பட்டது. ஓடுவதற்கு ஜப்பானியப் பாய்ச்சல். நிற்பதற்கு அதைவிடக் குறைந்த ஏற்பாடு. நாற்பது ஆண்டு கடந்த சட்டமும், மங்கிய விளக்கும், அசல் உதிரிப்பாகம் கிடைக்காமல் பொருத்திய மாற்றுப் பாகங்களும் சேர்ந்துகொண்டால், அந்த 140 மீட்டர் மேலும் நீளும். பட்டறையில் இயந்திரத்திற்கு இளமையைத் திருப்பித் தரலாம். நிற்கும் ஆற்றலையும் அதே அளவு திருப்பித் தந்தோமா என்பதைச் சோதிப்பவர் சிலரே.

இக்கணக்கின் பொருள் என்ன? 60-இல் வருபவர் அந்தச் சிறுவனின் தவற்றை மன்னிக்கும் ஆற்றல் உடையவர். 120-இல் வருபவர் நல்லவராக இருக்கலாம், இரக்கமுள்ளவராக இருக்கலாம், வண்டி ஓட்டுவதில் நிகரற்றவராகவும் இருக்கலாம். ஆனால் மன்னிக்க விரும்பினாலும் அவரால் மன்னிக்க இயலாது. அவர் அதற்கான இடத்தை முன்னரே செலவழித்துவிட்டார். வேகத்தின் அறக்கேடு இங்கேதான் இருக்கிறது. அது பிறர்மீது வெறுப்பினால் எழுவதன்று. பிறர் தவறு செய்யலாகாது என்னும் கட்டளையை, அவர்கள் அறியாமலேயே, அவர்கள்மீது சுமத்துகிறது. “நான் இவ்வழியே வரும்போது நீங்கள் அனைவரும் குறையற்றவர்களாக இருங்கள், இருக்கத் தவறினால் அதற்கு மரணமே தண்டனை” என்று அது சொல்லாமல் சொல்கிறது. கடவுளே நமக்கு விதிக்காத ஒரு விதியை, ஒரு மோட்டார் சைக்கிள் ஓட்டி, வெங்காய மூட்டையோடு செல்லும் ஒரு முதியவருக்கு விதிக்கலாமா?

2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என்று நடுவண் அரசின் அறிக்கை கூறுகிறது. தமிழகத்தில் மட்டும் 17,884 பேர். நாட்டில் இறந்தவர்களில் நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். பத்தில் ஏழு மரணங்களுக்கு மிகைவேகமே காரணமாகக் காட்டப்பட்டுள்ளது. இவ்வெண்கள் ஒவ்வொன்றின் பின்னாலும், மன்னிக்கப்பட்டிருக்கக்கூடிய ஏதோவொரு சிறு தவறு இருந்திருக்கும்.

‘எனக்குத் திறமை உண்டு, இருபது ஆண்டுகளாக ஒருமுறையும் விழுந்ததில்லை’ என்பார் சிலர். உண்மையாகவே இருக்கலாம். ஆனால் திறமை, ஓட்டுபவரின் தவறுகளைத்தான் குறைக்கும். எதிரே வருபவரின் தவற்றுக்குக் கூடுதல் நேரம் தராது. ‘விடியற்காலையில் சாலை வெறிச்சோடிக் கிடக்கிறது’ என்பார் வேறு சிலர். வெறிச்சோடியதாகத் தோன்றும் சாலைக்குத்தான் பால்கேனோடு ஒருவர் வருகிறார். பூக்கூடையோடு ஒருவர் வருகிறார். ‘சட்டம் ஓர் எண்ணைச் சொல்கிறது, அது அதிகாரிகளின் எண்’ என்பாரும் உளர். நான்குவழிச் சாலையில் மோட்டார் சைக்கிளுக்கு 80 கிலோமீட்டரே உச்சவேகம் என்று 2018-இல் நடுவண் அரசு வரையறுத்தது. அவ்வெண்ணை ஒரு தடையாக மட்டும் பார்க்கவேண்டியதில்லை. மக்கள் ஒருவர் தவற்றை மற்றவர் தாங்கிக்கொள்ள எவ்வளவு இடம் வேண்டும் என்று சமுதாயம் கூடிச் செய்துகொண்ட உடன்படிக்கையாகவும் அதைப் பார்க்கலாம். இவ்வளவு துணிந்து மிச்சப்படுத்தும் நேரந்தான் எவ்வளவு? அறுபது கிலோமீட்டர் தொலைவை 80-இல் கடக்க நாற்பத்தைந்து நிமிடம். 120-இல் கடக்க முப்பது நிமிடம். பதினைந்து நிமிடம்! ஒரு தேநீர்க்கடையில் நாம் செய்தித்தாளைப் புரட்டும் நேரம்.

வேகத்தைக் காதலித்தவர்களுள் உலகறிந்த ஒருவர், ‘அரேபிய லாரன்ஸ்’ எனப்பட்ட டி. ஈ. லாரன்ஸ். மணிக்கு 160 கிலோமீட்டர் எட்டும் என்று உறுதியளித்து விற்கப்பட்ட பிரஃப் சுப்பீரியர் வண்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக அவர் வைத்திருந்தார். அவற்றுக்கு அவர் இட்ட பெயர் வியப்புக்குரியது: ‘பொவனேர்கேஸ்’. ஆண்டவர் இயேசு, யாக்கோபுக்கும் யோவானுக்கும் இட்டதாக மாற்கு நற்செய்தி கூறும் அதே பெயர்; இடியின் மக்கள் என்பது பொருள். 1935 மே 13 அன்று இங்கிலாந்தின் டோர்செட் பகுதியில், சாலையின் ஒரு தாழ்வில் மறைந்திருந்த இரண்டு சிறுவர்கள் மிதிவண்டியில் திடீரென அவர் கண்முன் தோன்றினர். அவர்கள்மீது மோதாதிருக்க அவர் வண்டியைத் திருப்பினார், தூக்கி எறியப்பட்டார், ஆறு நாள்களுக்குப் பின் இறந்தார். சிறுவர்கள் பிழைத்தனர். அன்று அவர் தம் வண்டியின் முழு வேகத்தில் சென்றதாக எவரும் மெய்ப்பிக்கவில்லை. நடுத்தர வேகத்திலேயே, சாலையின் ஒரு சிறு தாழ்வு இவ்வளவு செய்யும் என்றால், முழு வேகத்தில் என்ன செய்யாது? உலகம் அவருடைய வேகத்தை வியக்கிறது. கிறிஸ்தவ மனச்சான்றோ, அவர் இறுதியாகச் செய்த அந்த ஒதுங்குதலை நினைத்துத் தலைவணங்குகிறது. இடியின் வண்டி இரு குழந்தைகளுக்கு வழிவிட்டது.

அவருக்குச் சிகிச்சையளித்தவர்களுள் ஒருவரான ஹியூ கெய்ர்ன்ஸ் என்னும் மூளை அறுவை மருத்துவர் அந்த மரணத்தை மறக்கவில்லை. தலைக்காயமுற்ற மோட்டார் சைக்கிள் ஓட்டிகளை ஆராய்ந்து, தலைக்கவசம் உயிர்காக்கும் என்பதை 1941-இல் வெளியிட்ட ஆய்வில் நிறுவினார். அதே ஆண்டில் பிரித்தானிய இராணுவம், பணியில் உள்ள மோட்டார் சைக்கிள் ஓட்டிகளுக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. நாம் சலிப்போடு தலையில் மாட்டிக்கொள்ளும் கவசத்தின் பின்னால், ஒரு மரணத்தை வீணாகவிடாத ஒரு மருத்துவரின் இரக்கம் இருக்கிறது.

அப்படியானால் வேகத்தின் இன்பத்திற்கு உலகில் இடமே இல்லையா? உண்டு. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமைந்து பின்னர்க் கைவிடப்பட்ட சோழவரம் விமான ஓடுதளத்தில், பல பத்தாண்டுகள் மோட்டார் பந்தயங்கள் நடைபெற்றன. 1953-இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், 1990-இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் இதற்கெனவே தனி ஓடுதளத்தை அமைத்தது. அங்கே எதிரே யாரும் வருவதில்லை. குறுக்கே ஆடு வருவதில்லை. ஓட்டுபவர் அனைவரும் ஆபத்தை அறிந்து இசைந்தவர்கள். கொடி காட்டுவோரும் மருத்துவ ஊர்தியும் ஆயத்தமாக நிற்பர். இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். பந்தய ஓடுதளங்களின் வளைவுகளை ஒட்டி, வழிதவறியவர் வேகம் தணிந்து நிற்பதற்கென்று வெற்றிடம் விடுகின்றனர். வேகம் கூடக் கூட அந்த இடமும் விரிகிறது. வேகத்தையே தொழிலாகக் கொண்டவர்கள், தவறுக்கு இடம் விடாத வேகம் கொலையே என்பதை நம்மைவிட நன்கறிந்திருக்கிறார்கள்.

அந்த இடம் இல்லாத பந்தயம் எப்படி இருக்கும் என்பதற்கு ஐல் ஆஃப் மேன் தீவு சான்று. 1907 முதல் அங்கே பொதுச்சாலைகளை மூடிவைத்துப் பந்தயம் நடத்துகின்றனர். கல்மதில்களுக்கும் வீடுகளுக்கும் இடையே ஓடும் அதன் மலைச்சுற்றுப் பாதையில் இதுவரை 260-க்கும் மேற்பட்ட ஓட்டிகள் உயிரிழந்துள்ளனர். 1972-இல் கில்பர்த்தோ பார்லொட்டி என்னும் இத்தாலிய வீரர் அங்கே இறந்தார். அவருடைய நண்பரான ஜாக்கொமோ அகொஸ்தினி, அதே பாதையில் பத்து வெற்றிகள் கண்டவர். உலகப் பட்டங்களைப் பதினைந்து முறை வென்றவர். அந்த ஆண்டிற்குப்பின் அவர் அங்கே ஓட்ட மறுத்துவிட்டார். சில ஆண்டுகளில் அப்பந்தயம் உலகப் போட்டி வரிசையிலிருந்தே நீங்கியது. உலகின் தலைசிறந்த ஓட்டி ‘இங்கே ஓட்டமாட்டேன்’ என்று சொன்னபோது, அவரைக் கோழை என்று யார் சொல்ல முடியும்?

இங்கே நாம் துணிவு என்பதன் பொருளைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. அச்சமின்மையே வீரம் என்று நம் இளைஞர் எண்ணுகின்றனர். அஞ்சத்தக்கதற்கு அஞ்சாதிருப்பது அறிவின்மை என்று வள்ளுவர், அறிவுடைமை என்னும் அதிகாரத்தில் உரைத்துள்ளார். பல நூற்றாண்டுகள் பிற்பட்டு, வேறொரு கண்டத்தில் வாழ்ந்த தூய தோமா அக்குவினாரும் தம் இறையியல் தொகுப்பில் இதே முடிவுக்கு வருகிறார். அஞ்சவேண்டியதற்கு அஞ்சாமை ஒரு குற்றம் என்கிறார். அது மூன்று ஊற்றுகளிலிருந்து பிறக்கும் என்கிறார்: வாழ்வின்மீது கொள்ளவேண்டிய அன்பு குறைதல், செருக்கு, மழுங்கிய அறிவு. மூன்றாவதை நாம் அறிவுரையால் திருத்தலாம். இரண்டாவதைச் சட்டத்தால் ஓரளவு அடக்கலாம். முதலாவதுதான் நம்மைக் கலங்கச் செய்யவேண்டியது. வாழ்வை நேசிக்கக் காரணம் கிடைக்காத ஓர் இளைஞன் அதை எளிதில் பணயம் வைக்கிறான். படித்தும் வேலையில்லை; வீட்டில் அவன் சொல்லுக்கு மதிப்பில்லை; பங்கில் அவனுக்கு ஒரு பணியும் இல்லை. இந்நிலையில் ஊரே திரும்பிப் பார்க்கும் ஒரே நொடி, சைலன்சர் முழங்க அவன் பாய்ந்து செல்லும் நொடிதான் என்றால், குற்றம் அவனுடையது மட்டுமா?

இன்னும் சிலர், வண்டியின் முகப்பில் புனிதரின் படத்தையோ செபமாலையையோ தொங்கவிட்டுக்கொண்டு, ‘அவர் பார்த்துக்கொள்வார்’ என்கின்றனர். பாலைநிலத்தில் சோதிப்பவன் ஆண்டவரை ஆலயத்தின் உச்சியில் நிறுத்திக் குதிக்கச் சொன்னதை நற்செய்தி எடுத்துரைக்கிறது. தூதர்கள் தாங்குவார்கள் என்று திருப்பாடலையே அவன் சான்று காட்டினான். ஆண்டவர் குதிக்கவில்லை. கடவுளைச் சோதித்தல் ஆகாது என்று மறுத்தார். இறைநம்பிக்கைக்கும் இறைவனைச் சோதிப்பதற்கும் இடையே உள்ள தொலைவு, நெடுஞ்சாலையில் சில நேரங்களில் ஒரு கைத்திருகலே.

பார்வையாளர்களாகிய நமக்கும் இதில் பங்கு உண்டு. தூய அகுஸ்தினார் தம் ‘ஒப்புகைகள்’ நூலில், அலிப்பியுஸ் என்னும் நண்பரைப் பற்றிச் சொல்கிறார். மனிதர் மனிதரைக் கொல்லும் அரங்கிற்கு நண்பர்களால் இழுத்துச் செல்லப்பட்ட அவர், கண்களை இறுக மூடிக்கொண்டார். கூட்டம் எழுப்பிய பேரொலி கேட்டுக் கண்திறந்தார். அந்த நொடியே அவருடைய ஆன்மா காயமுற்றது. வேகத்தைப் படம்பிடித்துக் கைப்பேசியில் பரப்புவோரும், அதைப் பார்த்து மகிழ்வோரும் அந்த அரங்கில்தான் அமர்ந்திருக்கிறார்கள். கைதட்டும் ஒருவர் இல்லாமல் எவரும் 140-இல் ஓட்டுவது அரிது. வயது நிரம்பாத மகனுக்கு வண்டியைத் தரும் பெற்றோரையும் 2019-ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் பொறுப்பாளியாக்கியிருக்கிறது: இருபத்தையாயிரம் ரூபாய் அபராதமும், மூன்றாண்டு வரை சிறையும். சட்டம் சொல்லுமுன் மனச்சான்று சொல்லியிருக்கவேண்டிய செய்தி அது.

திருச்சபையின் திருப்பீட அவையொன்று 2007-இல் வாகன ஓட்டிகளுக்கெனப் பத்துக் கட்டளைகளை வெளியிட்டது. சாலை மனிதரை ஒன்றிணைக்கும் வழியாக இருக்கவேண்டும் என்கிறது அதில் ஒன்று. சாலையில் வலுக்குறைந்தவரைக் காக்கவேண்டும் என்கிறது மற்றொன்று. விபத்தை விளைவித்தவரும் அதில் துயருற்றவரும் உரிய காலத்தில் சந்தித்து, மன்னிப்பின் விடுதலையை அடைய உதவவேண்டும் என்று இன்னொன்று கூறுகிறது. மன்னிப்பு, இறப்புக்குப் பின்னும் தேவைப்படுகிறது. ஆனால் அதே மன்னிப்பை, இறப்பு நிகழாதபடி முன்கூட்டியே, வேகக் குறைப்பு என்னும் வடிவில் தந்துவிட்டால் எத்துணை நலம்! நல்ல சமாரியரின் உவமை, காயமுற்றவரைக் கண்டும் விலகிச் சென்ற இருவரைப் பற்றிப் பேசுகிறது. காணவே இயலாத வேகத்தில் கடந்து செல்பவரை அது என்னவென்று சொல்லும்?

அரும்பாவூர்ச் சிற்பிகள் செதுக்கும் மரவேலைகளில் தேர்களும் உண்டு. தேரோட்டத்தைக் கண்ட எவருக்கும் ஒன்று தெரியும். வடம்பிடிப்போர் நூற்றுக்கணக்கானோர், ஊரே ஆரவாரிக்கும். ஆனால் சக்கரத்தின் அருகே, கையில் முட்டுக்கட்டையோடு குனிந்து நடப்போர் சிலர். அவர்களை யாரும் பாடுவதில்லை. ஆயினும் தேர் வளைவில் திரும்புவதும், சரிவில் நிற்பதும், வேடிக்கை பார்க்கும் குழந்தை சக்கரத்தடியில் சிக்காதிருப்பதும் அவர்களால்தான். நிறுத்த ஆளில்லாத தேரை எந்த ஊரும் இழுப்பதில்லை. தேரின் மாண்பு அது ஓடுவதில் மட்டும் இல்லை. வேண்டிய இடத்தில் நிற்பதிலும் இருக்கிறது.

பழைய வண்டியை விரும்புபவர் விரும்பட்டும். அதைத் துடைத்து, சீர்செய்து, போற்றட்டும். பிரேக்கையும் டயரையும் இயந்திரத்தைவிட முதலில் கவனிக்கட்டும். முழு வேகத்தைச் சுவைக்க விரும்பினால் அதற்கென அமைந்த ஓடுதளத்திற்குப் போகட்டும். பொதுச்சாலையிலோ, ஒவ்வொரு முறையும் கைப்பிடியைத் திருகுமுன் ஒரே ஒரு கேள்வியைத் தம்மைத்தாமே கேட்கட்டும்: “இப்போது என்முன் ஒரு குழந்தை தவறு செய்தால், அதை மன்னிக்க என்னால் இயலுமா?” இயலும் என்றால் அவ்வேகம் அறத்திற்கு உட்பட்டது. இயலாது என்றால், வண்டி எவ்வளவு சிறந்ததாயினும், ஓட்டுபவர் எவ்வளவு தேர்ந்தவராயினும், அவ்வேகம் அவருக்கு உரியதன்று. சாலையில் நடக்கும் எல்லாரிடமிருந்தும் கேளாமல் எடுத்துக்கொண்டது. எங்கள் குற்றங்களைப் பொறுத்தருளும் என்று நாள்தோறும் வேண்டும் நாம், பிறர் குற்றத்தைப் பொறுக்கக்கூடிய வேகத்திலாவது பயணம் செய்வோம்.